ஜீனோ வராத ஊர்

காலை ஷிப்டு பஸ்ஸுக்காக ஒரகடம் கூட்ரோட்டில் நிற்கும்போது, பக்கத்தில் நிற்கிற பையன்களின் முகத்தில் கீழேயிருந்து ஒரு நீல வெளிச்சம் அடித்துக்கொண்டிருக்கும். கொரியாக்காரன் சட்டை, ஜப்பான்காரன் சட்டை, ஜெர்மன்காரன் சட்டை என்று கலர் கலராகப் பிரிந்து நின்றாலும், தலைகள் எல்லாம் ஒரே கோணத்தில்தான் குனிந்திருக்கும். முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் இதே கூட்ரோட்டில் நானும் தலை குனிந்துதான் நின்றிருக்கிறேன். கையில் போன் இல்லை, நூலகப் புத்தகம். "இப்பிடிக் குனிஞ்சே கெடந்தா கண்ணு பூத்துடும்டா" என்று அன்றைக்கு என்னைத் திட்டிய டீக்கடைக்காரரின் பேரன்தான் இன்றைக்கு என் பக்கத்தில் நின்று ரீல்ஸ் பார்க்கிறான். அவனை நான் திட்டுவதில்லை. புத்தக விஷயத்தில் என் யோக்கியதை என்ன என்று எனக்குத் தெரியும். இன்னும் கொஞ்ச நேரத்தில் உங்களுக்கும் தெரிந்துவிடும்.

1988. எங்கள் பக்கமெல்லாம் அப்போது செங்கல்பட்டு மாவட்டம். ஏரி நிரம்பினால் நெல், நிரம்பாவிட்டால் வேர்க்கடலை, இரண்டும் இல்லாத வருஷத்தில் பனைமரத்தை அண்ணாந்து பார்ப்பது என்று மூன்றே பட்டம்தான். இயந்திரம் என்று சொன்னால் எங்களுக்குத் தெரிந்தவையும் மூன்றே: பம்புசெட், ரைஸ்மில், டெய்லர் அண்ணனின் கால்மிதி தையல் மிஷின். பெங்களூர் நெடுஞ்சாலையில் லாரிகள் போகும் சத்தம், ராத்திரியில் காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தால், ஏதோ வேறொரு கிரகத்திலிருந்து வருவதுபோல மெலிதாகக் கேட்கும். அந்தக் கிரகம் ஒருநாள் வண்டி திருப்பி எங்கள் கொல்லைக்கே வந்து இறங்கும் என்று யாராவது சொல்லியிருந்தால், அவருக்கு வேப்பிலை அடிக்கச் சொல்லி ஆள் அனுப்பியிருப்போம்.

எனக்கு வயது பதின்மூன்று. நான் அதுவரை படித்த விஞ்ஞானம், கரண்ட்டில் கை வைத்தால் உடம்பு மறைந்துபோகிற இரும்புக்கை மாயாவி ஒருவர்தான். அவர் கதைகள் நாலைந்தும் பள்ளிக்கூடத்தில் கை மாறி மாறி, அட்டை போய், ஓரம் போய், கடைசியில் ஒன்று சுண்டல் பொட்டலமாகவே என்னிடம் வந்து சேர்ந்தது. லைப்ரரிக்குப் போனால் மாயாவி கிடைப்பார் என்று எவனோ சொல்லக் கேட்டு, மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்கு எடுத்த சைக்கிளில், பெடல் முழுசாக எட்டாத காலோடு, வல்லக்கோட்டை முருகனுக்குத் திசை பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் மிதித்து ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் போய்ச் சேர்ந்தேன். போய்ச் சேர்ந்த நாள் வெள்ளிக்கிழமை. நூலகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பது எங்கள் ஊரில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. தெரிய வேண்டிய அவசியமும் யாருக்கும் வந்ததில்லை. பூட்டைப் பார்த்துவிட்டு, சைக்கிள் வாடகையை மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே திரும்பி மிதித்த அந்தப் பாதை இன்றைக்கும் எனக்குத் தெரிகிறது. அந்தப் புளியமரங்கள் போன இடத்தில் இப்போது இரண்டு பக்கமும் கம்பெனிக் காம்பவுண்டு.

அடுத்த வாரம் திறந்திருந்தது. எந்த நூலகம், எந்தத் தெரு என்று சொல்ல மாட்டேன். இதில் ஒரு குற்றம் வரப்போகிறது.

உங்கள் ஊரிலும் அப்படி ஒன்று இருந்திருக்கும். உள்ளே நுழைந்ததும் நீள மேஜை, அதன் இரண்டு பக்கமும் பெஞ்சு, மேஜைமேல் பிரித்துப் போட்ட தினத்தந்தி. கன்னித்தீவு இருக்கிற பக்கம் மட்டும் எப்போதும் யார் கையிலாவது தனியாக இருக்கும். மின்விசிறி சுழல்வதைவிட முனகுவது அதிகம். பைண்டிங் பசையும் அந்துருண்டையும் கலந்த வாசனை. கௌண்டருக்குப் பின்னால் மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு, நாங்கள் எல்லோரும் "லைப்ரரி சார்" என்று கூப்பிட்ட ஒருவர். சேருவதற்குக் கொஞ்சம் டெபாசிட், தெரிந்தவர் ஒருவரின் கையெழுத்து. "எந்தப் பையனுக்கும் ஜாமீன் போடாதே" என்று அம்மா அப்பாவிடம் சத்தியம் வாங்கியிருந்த வீட்டில், ஜாமீன் வேண்டியது எனக்கே என்றானபோது ஏற்பட்ட குழப்பம் தனிக்கதை.

"மாயாவி இருக்குங்களா சார்?"

அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். "காமிக்ஸ் இங்க கெடையாது. மெஷின் கதை வேணுமா?" என்று கேட்டு, அலமாரியிலிருந்து ஒரு பைண்டு புத்தகத்தை உருவிக் கொடுத்தார். அட்டை இல்லை. முதுகில் ஒட்டிய துணியில் அவரே பேனாவால் எழுதிய தலைப்பு: என் இனிய இயந்திரா. முதல் சில பக்கங்களும் இல்லை. ஆகவே எழுதியவர் யார் என்றே தெரியாமல்தான் நான் உள்ளே இறங்கினேன். இறங்கிய இடத்தில் வருஷம் 2021, 2022 என்று ஓடிக்கொண்டிருந்தது. அப்போது எனக்கு வயது என்ன என்று விரல் விட்டுக் கணக்குப் பார்த்தேன். நாற்பத்தாறு! அவ்வளவு கிழவனாக நான் உயிரோடு இருப்பேனா என்பதுதான் அந்தப் புத்தகம் எனக்குள் எழுப்பிய முதல் தத்துவக் கேள்வி.

படித்தவர்களுக்கு நான் கதை சொல்ல வேண்டியதில்லை. எண்பதுகளில் ஆனந்த விகடனில் தொடராக வந்தபோதே வாரவாரம் கிழித்து பைண்டு செய்து வைத்திருந்த குடும்பங்கள் உண்டு. ஜீவா என்கிற தலைவர் ஆளும் ஒரு தேசம். யாருக்கும் இரண்டெழுத்துக்கு மேல் பெயர் கூடாது. ஆளுக்கு ஓர் எண். நிலா என்கிற பெண்ணுக்குக் குழந்தை பெற்றுக்கொள்ள அரசாங்கத்தின் அனுமதி வருகிறது. அதே வேகத்தில் புருஷன் சிபி காணாமல் போகிறான். நடுவில் வந்து சேருகிறது ஜீனோ, இயந்திர நாய். நாய்தான் விஷயமே. அது குரைத்துக் காவல் காக்கிற நாய் இல்லை. புத்தகம் படிக்கிற நாய். படிக்கப் படிக்க அதற்குப் புத்தி வளர்கிறது, வாய் வளர்கிறது, கடைசியில் அந்தக் கதையிலேயே மனுஷத்தன்மை அதிகமாக இருக்கிற ஜீவன் அதுதான் என்று ஆகிவிடுகிறது. எங்கள் வகுப்பில் படித்தால் புத்தி வளரும் என்று சொன்ன வாத்தியார்கள் நிறைய. ஆதாரம் காட்டியது அந்த நாய் ஒன்றுதான்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் என் ஏழெழுத்துப் பெயரை இரண்டெழுத்தாகச் சுருக்கி நோட்டில் எழுதிக்கொண்டேன். கணக்கு வாத்தியார் அதைப் பார்த்துவிட்டு முழுப்பெயரை நூறு தடவை எழுதச் சொன்னார்.

அந்தப் பிரதியில் கதையைத் தவிர இன்னொரு கதையும் ஓடிக்கொண்டிருந்தது. ஓரங்களில். நூலகப் புத்தகத்தின் பெரிய சுகமே அதுதான் என்று இப்போது தோன்றுகிறது. எனக்கு முன்னால் படித்தவர்கள் பென்சிலிலும் நீல மையிலும் பச்சை மையிலும் தங்களுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். துப்பறியும் நாவல் என்றால் பன்னிரண்டாம் பக்கத்திலேயே ஒரு மகாபாவி "கொலைகாரன் இவன்தான்" என்று அம்புக்குறி போட்டிருப்பான். இதில் அப்படி இல்லை, விவாதம் கௌரவமாக நடந்தது. நிலாவின் அனுமதிக் காகிதம் வருகிற இடத்தில் ஒருவர் பென்சிலால், "இது நடக்காது" என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே எனக்கு மூன்று நாள் கை அரித்தது. கடைசியில் லைப்ரரி சாரின் முகம் கண்முன்னே வந்தும், இங்க் பேனாவால், நல்ல கொட்டை எழுத்தில் எழுதியே விட்டேன்: "நடக்கும். 2021ல் நானே பார்ப்பேன்."

எழுதியவர் பெயர் சுஜாதா என்று புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது சார் சொன்னார். அந்த அம்மையார் மேல் எனக்கு ஏற்பட்ட மரியாதை சொல்லி முடியாது. இவ்வளவு மெஷின் தெரிந்த ஒரு பெண்மணி, எங்கோ வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு, சோதனைச்சாலையில் ஒரு நாயைத் திருகாணியால் முடுக்கிக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொண்டேன். ஜூனியர் விகடனில் 'ஏன்? எதற்கு? எப்படி?' என்று அவர் கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறார் என்று கேள்விப்பட்டு, பதினைந்து பைசா கார்டில் ஒரு கேள்வி அனுப்பினேன். கேள்வி இதுதான்: "ரோபோ எங்கள் ஊர்ப் பக்கம் எப்போது வரும்?" கடிதத்தின் தலைப்பில், "மதிப்புக்குரிய சுஜாதா அம்மா அவர்களுக்கு." பதில் வரவில்லை. வராததற்கான காரணம் இரண்டு வருஷம் கழித்துத்தான் புரிந்தது. அது அவர் மனைவியின் பெயர், ஆளின் பெயர் ரங்கராஜன், பிறந்தது திருவல்லிக்கேணி, வளர்ந்தது ஸ்ரீரங்கம், வேலை பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் என்று ஒரு புத்தகத்தின் பின்னட்டையில் போட்டோவோடு போட்டிருந்தது. மீசைக்காரர்! வெட்கத்தில் அன்றைக்குப் புத்தகத்தை அட்டை உள்ளே போகிற மாதிரி மடித்துப் பிடித்துக்கொண்டு சைக்கிள் மிதித்தேன்.

அதற்குப் பிறகு கிடைத்த வரிசைதான் படித்த வரிசை. கணேஷும் வஸந்தும் ஒரு வாரம், ஸ்ரீரங்கத்துத் தேவதைகள் ஒரு வாரம், நடுவில் 'மீண்டும் ஜீனோ'வை எவனோ எடுத்துக்கொண்டு போய் மூன்று மாதம் திருப்பித் தராமல், நான் ஒவ்வொரு சனிக்கிழமையும் கௌண்டரில் போய், "வந்துச்சா சார்?" என்று கேட்பது. "வரலைப்பா." அந்த மூன்று மாதமும் ஜீனோவுக்கு அடுத்து என்ன ஆகியிருக்கும் என்று நானே ஆறேழு கதை கட்டி வைத்திருந்தேன். அதில் ஒன்றில் ஜீனோ எங்கள் ஏரிக்கரைக்கு வந்து மடை திறந்தது. இப்போது போனில் ஒரு தட்டில் அவருடைய புத்தகங்கள் கொத்தாக வந்து விழுகின்றன, வாசித்துக் காட்டவும் குரல் இருக்கிறது. 'பிறகு படிக்க' என்று நான் சேர்த்துவைத்த பட்டியல் நூற்றுக்கு மேல் போய்விட்டது. அந்தப் பிறகு எப்போது என்று அதுவும் கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை.

லைப்ரரி சாருக்கு ஒரு தெய்வம் உண்டு. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன். கணக்கு வாத்தியாராக இருந்து நூலகத்துக்கு வந்து, 1931-இல் நூலகங்களுக்கு ஐந்து விதிகள் எழுதினவர். 1948-இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்ததற்கும் அவர்தான் மூலவர் என்று சார் சொல்வார். புத்தகம் புழங்குவதற்கே, ஒவ்வொரு வாசகனுக்கும் ஒரு புத்தகம், ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு வாசகன் என்று விரல் மடக்கிக்கொண்டே போய், நாலாவது விதியில், அதாவது வாசகனின் நேரத்தை வீணாக்காதே என்கிற இடத்தில், எங்களை அரைமணி நேரம் நிற்க வைத்திருப்பார். நான் பதிலுக்கு, அமெரிக்காவில் ஐசக் அஸிமோவ் என்று ஒருத்தர், ரோபோக்களுக்கு மூன்றே மூன்று விதிதான் போட்டார் சார், மனுஷனுக்குத் தீங்கு செய்யக்கூடாது, சொன்னதைக் கேட்கணும், தன்னையும் காப்பாத்திக்கணும் என்று ஒப்பித்தேன். சார் யோசித்துவிட்டு, "மூணு போதாது" என்றார்.

பேப்பர் படிக்க வருகிற சன்னதித் தெருப் பெரியவர் ஒருவர் இந்தப் பேச்சையெல்லாம் காது கொடுத்துக் கேட்பார். ஒருநாள் அவர் கேட்டார்: "ஏண்டா தம்பி, உங்க ஆளு கண்டுபிடிச்சது என்ன, நம்ம ஊர்ல இல்லாதது?" ஸ்ரீபெரும்புதூர் ராமாநுஜர் அவதரித்த ஊர். ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் இருக்கிற அவர் விக்கிரகத்துக்குத் தானுகந்த திருமேனி என்று பெயர். அவர் இருந்த காலத்திலேயே செய்து, அவரே தழுவித் தன் சக்தியை அதில் இறக்கிவைத்தார் என்பது ஐதீகம். திருநாராயணபுரத்தில் ஒன்று, ஸ்ரீரங்கத்தில் தானான திருமேனி என்று இன்னொன்று. "ஒரு ஆளு, மூணு எடத்துல. ஆயிரம் வருஷம் ஆச்சு. நீ என்னமோ நாய் பேசுதுங்கறே" என்று சொல்லிவிட்டுத் தந்தியைப் புரட்டினார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஸ்ரீரங்கத்துக்காரரான ரங்கராஜனிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன்; ஆழ்வார்களுக்கு ஓர் எளிய அறிமுகமும், சிலிக்கன் சில்லுக்கு ஓர் எளிய அறிமுகமும் ஒரே பேனாவால் எழுதத் தெரிந்தவர் அவர்.

1991 மே மாதம் பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்து சும்மா இருந்தேன். சும்மா இருந்தால் மறுபடி படிக்கலாம் என்று அதே அட்டையில்லாத 'என் இனிய இயந்திரா'வை எடுத்துவந்திருந்தேன். பதினைந்து நாள் தவணை. மே 21 ராத்திரி நடந்தது உலகத்துக்குத் தெரியும். அந்த ராத்திரியைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் இல்லை. அதுவரை வெளியூர்க்காரர்களிடம் எங்கள் ஊரைச் சொல்வதற்குக் காஞ்சிபுரத்துக்கு இந்தப் பக்கம், பூந்தமல்லிக்கு அந்தப் பக்கம் என்று திசை காட்ட வேண்டியிருந்தது. மறுநாளிலிருந்து யாருக்கும் திசை காட்டத் தேவையில்லாமல் போயிற்று. போலீஸ், ஜீப், கேள்விகள். "பக்கத்துல கூடப் போகக் கூடாது" என்று அம்மா சைக்கிள் கடைக்காரரிடமும் சொல்லி வைத்துவிட்டாள். தவணை தாண்டியது. ஒரு மாதம் தாண்டியது. அபராதம் எவ்வளவு ஏறியிருக்கும் என்று கணக்குப் போடப் போட பயமும் ஏறியது. பிறகு ஐடிஐ படிக்க வெளியூர் போனேன். புத்தகம் ட்ரங்குப் பெட்டியின் அடியில், வேட்டிக்குக் கீழே, தலைமறைவாக இருந்தது.

இதுதான் நான் சொன்ன குற்றம்.

நான் ஒளித்துவைத்த எதிர்காலம் இதற்கிடையில் வெளியே நடக்க ஆரம்பித்துவிட்டது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாயின் முதல் கார்கள். 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ நிஸ்ஸான், அதற்குப் பின்னால் லாரி, மோட்டார் சைக்கிள், டயர் என்று ஒவ்வொருவராக வந்து சிப்காட் கல்லை நட்ட இடத்திலெல்லாம் கூரை முளைத்தது. எங்கள் கடலைக் கொல்லை இருந்த இடம் எது என்று இப்போது எனக்கே நிச்சயமாகச் சொல்ல முடியாது. ஒரு கம்பெனியின் டிரக் பார்க்கிங்குக்கும் இன்னொரு கம்பெனியின் புல்தரைக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. புல்லுக்கு சொட்டுநீர் பாய்கிறது. எங்கள் கடலைக்குப் பாய்ந்ததைவிட ஒழுங்காகவே.

ரோபோவை நான் முதலில் பார்த்தது ஒரு பாடி ஷாப்பில். கம்பெனியின் பெயர் வேண்டாம். பராமரிப்புப் பிரிவில் புதுசாகச் சேர்ந்திருந்தேன். கம்பி வேலிக்குள் ஆரஞ்சு நிறத்தில், ஆளைவிட உயரமாக, ஒரே ஒரு கை. தலை இல்லை. வால் இல்லை. கை மட்டும் ஆறு இடத்தில் மடங்கித் திரும்பி, இரண்டு செம்பு முனைகளுக்கு நடுவில் தகரத்தைக் கவ்வி, ஒரு கண் சிமிட்டலுக்குள் பல்லாயிரம் ஆம்பியர் மின்சாரத்தைப் பாய்ச்சி, பொறி பறக்க ஒரு பொட்டு வைத்துவிட்டு அடுத்த பொட்டுக்குப் போனது. ஒரு காரின் உடம்பில் இப்படிச் சில ஆயிரம் பொட்டுகள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பதின்மூன்று வயதில் கார்டு எழுதிக் கேட்டவனுக்கு, தபால் தாமதமாக வந்தாலும், பதில் வந்துவிட்டதே! பக்கத்தில் போய்ப் பார்க்கலாம் என்று வேலிக் கதவில் கை வைத்தேன். பின்னாலிருந்து சேஃப்டி ஆபீசர் போட்ட கூச்சலில் பாடி ஷாப்பே நின்றுவிட்டது.

அன்றைக்குச் சாயங்காலம் எனக்கு விதிகள் சொல்லித்தரப்பட்டன. மூன்றுதான். கதவைத் திறந்தால் லைன் நிற்க வேண்டும். உள்ளே போகிறவன் பூட்டைப் போட்டுச் சாவியைத் தன் பாக்கெட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். ரோபோவைக் கையால் நகர்த்தும்போது, பெண்டன்ட்டில் இருக்கிற டெட்மேன் சுவிட்சை அழுத்தியும் அழுத்தாமலும் நடுவாந்தரமாகப் பிடித்திருக்க வேண்டும். விட்டாலும் நிற்கும், பயத்தில் இறுக்கினாலும் நிற்கும். அஸிமோவ் விதிகளை ரோபோவின் மூளைக்குள் வைத்தார். எங்கள் ரோபோவுக்கு மனுஷன் என்று ஒருவன் இருப்பதே தெரியாது. இருக்கிற விதியெல்லாம் எங்களுக்கு. தீங்கு செய்யாதே, சொன்னதைக் கேள், உன்னைக் காப்பாற்றிக்கொள். எந்த விதி யாருக்காக எழுதியது என்று கேன்டீனில் சாம்பார் சாதத்தின் முன்னால் உட்கார்ந்து வெகுநேரம் யோசித்தேன். லைப்ரரி சார் சொன்னது சரி. மூணு போதாது.

ரோபோவுக்குப் புள்ளி புள்ளியாக வழி காட்டுவதற்கு எங்கள் பாஷையில் 'டீச்' பண்ணுவது என்று பெயர். இருபது வருஷமாக டீச் பண்ணியிருக்கிறேன். ஒரு வாத்தியாருக்கு இதைவிட நல்ல மாணவன் கிடைக்க மாட்டான்: சொன்ன புள்ளிக்கு மயிரிழை பிசகாமல் வருவான், லீவு கேட்க மாட்டான், எதிர்க்கேள்வி கிடையாது. எதிர்க்கேள்வி கிடையாது என்பதுதான் எனக்குக் குறை. ராத்திரி ஷிப்டில் லைன் நின்றிருக்கும்போது, யாரும் பார்க்கவில்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டு, ஒருதடவை மெதுவாக "ஜீனோ" என்று கூப்பிட்டுப் பார்த்தேன். எண்ணெய் ஒரு சொட்டு விழுந்தது. மறுநாள் கேஸ்கெட் மாற்றினோம்.

சுஜாதா போன செய்தி 2008 பிப்ரவரி 27 ராத்திரி எனக்கு எஸ்எம்எஸ்ஸாக வந்தது. அந்த போன் எங்கள் ஊரிலேயே செய்த போன். பாட்டரியைக் கழற்றினால் உள்ளே இந்தியாவில் தயாரித்தது என்று போட்டிருக்கும், எங்கள் தெருப் பெண்கள் மூன்று பேர் அந்த லைனில் வேலை பார்த்தார்கள். அவர்கள் கைபட்ட போனில்தான் எனக்குச் செய்தி வந்தது என்று நானாக முடிவு செய்துகொண்டேன். சில வருஷத்தில் அந்தக் கம்பெனியும் போயிற்று. 2014 நவம்பரில் மூடினார்கள். மூன்று மாதம் ஜீனோவுக்காகக் காத்திருந்த எனக்கே கஷ்டமாக இருந்தது. கல்யாணத்தை அந்தச் சம்பளத்தில் கட்டியிருந்த பெண்களுக்கு எப்படி இருந்திருக்கும்! இன்று அதே பக்கத்தில் வேறு பெயரில் வேறு போன் செய்கிறார்கள். வேறு பெண்கள்.

2010-இல் 'எந்திரன்' வந்தது. அவர் கை வைத்துவிட்டுப் போன வசனம். திரையில் ரோபோ காதலித்தது, கோபப்பட்டது, ரயிலில் சண்டை போட்டது. என்னோடு படம் பார்க்க வந்த லைன் பையன்கள் எல்லாம் விசிலடித்தார்கள். நான் மட்டும், இந்த ரோபோவுக்கு வேலியே போடவில்லையே, இன்டர்லாக் எங்கே என்று பதைத்துக்கொண்டிருந்தேன். தொழில் மனுஷனை எப்படிக் கெடுத்துவிடுகிறது பாருங்கள். பதின்மூன்று வயதுப் பையன் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தால் என்னைக் கிள்ளியிருப்பான்.

அவர் கைபட்ட இயந்திரத்தில் நான் உண்மையாகவே கை வைத்தது வேறொரு சமயம். 2001 சட்டமன்றத் தேர்தல். பள்ளிக்கூட வகுப்பறை, அட்டை மறைப்பு, உள்ளே சின்னங்களுக்கு நேராகப் பொத்தான். மின்னணு வாக்கு இயந்திரத்தை உருவாக்கிய பாரத் எலெக்ட்ரானிக்ஸ் குழுவுக்குப் பொறுப்பாக இருந்தவர் அவர் என்று எனக்குத் தெரியும். அழுத்தினேன். கீய்ய்ய் என்று ஒரு நீளச் சத்தம். யாருக்குப் போட்டேன் என்பது நினைவில்லை. எதிர்க்கட்சி ஏஜெண்ட் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தது மட்டும் நினைவிருக்கிறது. ஓட்டுப் போட்டுவிட்டு இப்படிப் பல்லைக் காட்டிக்கொண்டு வெளியே வருகிறவனை அவர் பார்த்ததில்லை போலிருக்கிறது.

பிறகு, சொன்னபடியே, 2021 வந்தது. எனக்கு நாற்பத்தாறு. ஊரடங்கு. மாவட்ட எல்லை தாண்ட இ-பாஸ். அனுமதி வந்தால் போனில் ஒரு கட்டம் கட்டமான படம். வராவிட்டால் சிவப்பில் ஒரு வரி. கம்பெனி வாசலில் நெற்றியில் துப்பாக்கி வைத்துக் காய்ச்சல் பார்த்து, பெயர் கேட்காமல் டோக்கன் நம்பர் கேட்டு உள்ளே விட்டார்கள். நிலாவுக்குக் குழந்தை பெற அனுமதி வந்தது. எனக்குத் தாய்மாமன் சாவுக்குப் போக அனுமதி வரவில்லை. அன்று ராத்திரி ட்ரங்குப் பெட்டியைத் திறந்து, வேட்டிக்கு அடியிலிருந்து புத்தகத்தை எடுத்தேன். துணி முதுகில் சாரின் எழுத்து மங்கியிருந்தது. 'இது நடக்காது' என்ற பென்சில் வரி அப்படியே இருந்தது. பென்சில் அழியும் என்பார்கள், அழியவில்லை.

போன மாதம்தான் திருப்பிக் கொடுக்கப் போனேன். வெள்ளிக்கிழமை இல்லை என்று உறுதி செய்துகொண்டு. சார் இப்போது இல்லை, சன்னதித் தெருப் பெரியவர் எப்போதோ போய்விட்டார். மேஜை புதுசு, மின்விசிறி முனகவில்லை. போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் பெஞ்சு கொள்ளாமல் உட்கார்ந்திருந்தார்கள். அவ்வளவு கூட்டத்தை அந்த இடத்தில் நான் பார்த்ததே இல்லை. நாங்கள் படித்ததைவிட மும்முரமாகப் படித்தார்கள். அலமாரிப் பக்கம் மட்டும் யாரும் திரும்பவில்லை. கௌண்டரில் முப்பது வயதுக்குள் ஒரு பெண். நூலகர். நான் குற்றத்தை ஒப்புக்கொண்டேன். பாக்கெட்டில் அபராதத்துக்கென்று ஐந்நூறு ரூபாய் நோட்டு இரண்டு வைத்திருந்தேன்.

அவர் புத்தகத்தில் இருந்த எண்ணைக் கம்ப்யூட்டரில் தட்டினார். மறுபடி தட்டினார். பழைய பதிவேட்டையும் எடுத்துப் பார்த்தார்.

"இந்த நம்பர்ல புத்தகமே இல்லையே சார். எப்பவோ கழிச்சிட்டாங்க."

"இதோ இருக்கே மேடம்."

"இருக்கு சார். ஆனா இல்லை. நம்பர் இல்லாததை நான் எப்படித் திருப்பி வாங்குறது? அபராதமும் போட முடியாது."

ஜீவாவின் நாட்டில் நிலாவுக்கு நேர்ந்த சங்கடம் இதுதான் என்று அவருக்குச் சொல்லலாமா என்று பார்த்தேன். பின்னால் ஆள் நின்றுகொண்டிருந்தார். நூலகரே வழி சொன்னார்: நன்கொடையாகக் கொடுக்கலாம், ஒரு கடிதம் எழுதித் தந்தால் புது எண் போடுவார். வெள்ளைத்தாள் வாங்கி, "மதிப்புக்குரிய நூலகர் அம்மா அவர்களுக்கு" என்று ஆரம்பித்தேன். இந்தத் தடவை தப்பில்லை என்பதில் ஒரு நிம்மதி.

நான் எழுதி முடிப்பதற்குள் அவர் புத்தகத்தைப் பிரித்துவிட்டார். கடிதத்தை நீட்டினேன், வாங்கவில்லை. பக்கத்தைத் திருப்பி ஓரத்தைப் படித்துக்கொண்டிருந்தார். சிரித்தார். இன்னொரு பக்கம். பின்னால் நின்றவர் தொண்டையைச் செருமினார்.

"'இது நடக்காது'ன்னு ஒருத்தர் எழுதியிருக்கார் சார். கீழ இன்னொருத்தர், 'நடக்கும். 2021ல் நானே பார்ப்பேன்'னு... கையெழுத்தப் பாருங்க, சின்னப் பையன் போல. லைப்ரரி புத்தகத்துல இப்பிடியா சார் எழுதுவாங்க?"

"தப்புதாம்மா" என்றேன். "யார்னு தெரியலை."